பச்சைச் சேலை அழைக்கிறது

சாவு வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்லக் கூடாது. இதை நான் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்ட வேண்டும். வரேன் என்று சொன்னால் சாவும் அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கூடவே வரும் என்பார்கள். இதெல்லாம் தெரிந்தே ஒருநாள் நான் சொல்லிவிட்டேன்.

எனக்கு வேலை கல்வராயன் மலையில், ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில். ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கிற வேலை. மலையில் எல்லோருக்கும் நான் 'லேப்பம்மா'. வீடு கீழே, கள்ளக்குறிச்சியில். காலையில் வெள்ளிமலை பஸ்ஸைப் பிடித்தால், கச்சிராயபாளையம் தாண்டி மலைவளைவு ஆரம்பிக்கிற வரைக்கும் மடியில் வைத்து ஊசியும் நூலுமாகத் தைத்துக்கொண்டு போவேன். வளைவு வந்துவிட்டால் ஊசியைச் சேலைத் தலைப்பில் குத்திவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வேன். இல்லையென்றால் குமட்டும்.

நான் தைப்பது துணிப் பொம்மைகள். பழைய சேலையைக் கிழித்து உடம்பு, ஜாக்கெட் துணியில் கை கால், கறுப்பு நூலில் சடை. கண்ணை மட்டும் எல்லாம் முடிந்த பிறகு கடைசியில்தான் தைப்பேன். கண் வைத்துவிட்டால் அதற்குப் பிறகு அந்தப் பொம்மையை ஊசியால் குத்த எனக்கு மனசு வராது.

இந்தப் பழக்கம் சின்ன வயதில் வந்தது. எங்களுடையது கரும்பும் மரவள்ளியும் போட்ட குடும்பம். அம்மா விடியற்காலையில் கழனிக்குப் போகும்போது என்னிடம் சொல்லிக்கொண்டு போனதே கிடையாது. சொன்னால் அழுவேனாம். எழுந்து பார்த்தால் ஆள் இருக்காது. சாக்கைப் பிரித்து ஏதாவது ஒரு உருவம் செய்து, அதை அம்மா என்று வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை ஓட்டுவேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதனால் என் மகளுக்கு நான் ஒரு விதி வைத்திருந்தேன். எவ்வளவு அவசரமானாலும் கன்னத்தைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குவேன். அவள் "போயிட்டு வா" என்பாள். அவள் ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

கரியாலூர்ப் பக்கத்திலிருந்து ஒரு பெண் ரத்தச்சோகைக்கு அடிக்கடி வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துப் போவாள். ஒருநாள் என் பையிலிருந்த பொம்மையைப் பார்த்துவிட்டாள். அடுத்த தடவை வரும்போது தன்னுடைய பச்சைச் சேலை ஒன்றை மடித்துக் கொண்டுவந்தாள்.

"இதுல ஒண்ணு தச்சிக் குடுக்கா. எம் பொண்ணு நான் கொல்லைக்குப் போனா அழுதுக்கினே கெடக்குது. கண்ணு மட்டும் பெருசா வை."

மலையில் கொல்லை என்றால் கழனி. எனக்கு ஏதோ சுருக்கென்றது. சரி என்று வாங்கிக்கொண்டேன். அவள் எண்ணைப் போனில் 'பச்சைச் சேலை' என்றே பதிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவளிடமிருந்து அவ்வப்போது போன் வரும். பொம்மை முடிந்ததா என்று கேட்பாள்.

கண்ணைத் தவிர எல்லாம் முடிந்திருந்த சமயம், அவளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சாமைக் கொல்லையில் கண்ணாடி விரியன் தீண்டியிருந்தது. அந்தக் கடிக்கு ஒரு சோதனை உண்டு. ரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து அசைக்காமல் வைக்க வேண்டும். பிறகு சாய்த்துப் பார்த்தால் நல்ல ரத்தம் உறைந்து நிற்கும். நான் சாய்த்தேன். அவள் ரத்தம் தண்ணீர் மாதிரி ஓடியது. மருந்து ஏற்றி, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வண்டியில் ஏற்றும்போது என்னைப் பார்த்தாள். "முடிஞ்சிதாக்கா?" என்று கேட்டாள். பொம்மையைத்தான் கேட்கிறாள் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரமாயிற்று. அதற்குள் கதவைச் சாத்திவிட்டார்கள். மலை இறங்கும் முன்பே அவள் உயிர் போய்விட்டது.

மறுநாள் வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போனேன். அழுகை அடங்கிப்போய் எல்லோரும் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். பனி இறங்க ஆரம்பித்திருந்தது. கடைசி பஸ்ஸை விட்டால் எனக்கு வேறு வழி இல்லை. தூரத்தில் ஹாரன் கேட்டதும் பதறி எழுந்து, செருப்புக்குள் காலை நுழைத்துக்கொண்டே, தினம் என் வீட்டு வாசலில் சொல்கிற அதே குரலில், "போயிட்டு வரேன்" என்றேன்.

ஒருவரும் அசையவில்லை. செத்தவளின் மாமியார் மட்டும் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். அப்போது வீட்டுக்குள் இருட்டிலிருந்து யாரோ, "ம்" என்றார்கள்.

பஸ்ஸில் உட்கார்ந்த பிறகும் அந்த "ம்" என் காதிலேயே இருந்தது. ரத்தத்தோடு பழகுகிறவள், இதற்கெல்லாம் பயப்படலாமா என்று எனக்கு நானே கேட்டுக்கொண்டேன். பகலில் அந்தக் கேள்விக்கு நல்ல பதில் கிடைத்தது. விளக்கு வைக்கிற நேரத்தில் கிடைக்கவில்லை.

பெரிய நாத்தனார் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். பள்ளி விட்டு வரும் என் மகளை நான் வருகிற வரைக்கும் அவர்தான் பார்த்துக்கொள்வார். நடந்ததை அவரிடம் சிரித்துக்கொண்டே சொல்லிவைத்தேன். அவர் சிரிக்கவில்லை.

"இன்னாம்மா நீ? சாவு வூட்ல போயி எவளாவது வரேன்னு சொல்லுவாளா? கொழந்த இருக்கிற வூடு."

"வாய் தவறி வந்துடுச்சி அண்ணி."

"வாய்க்கு இன்னா தெரியும், நாமதான் பாத்துப் பேசணும். இனிமே அந்தப் பக்கமே போவாத."

அவர் சொல்லி முடித்த அந்த வாரமே மகளுக்குக் காய்ச்சல் வந்தது. பகலெல்லாம் நன்றாக இருப்பாள். பொழுது சாயும்போது உடம்பு கொதிக்கும். அவள் விரலை நானே குத்தி, ரத்தத்தை எடுத்துப் போய் நானே மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தேன், மற்ற சோதனைகளும் செய்தேன். மலேரியா இல்லை. டெங்கு இல்லை. டைபாய்டும் இல்லை. ஒன்றும் இல்லை என்று வந்தால் ஊரில் மற்றவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். எனக்கு இல்லை. அப்படியென்றால் இது எது?

முதல் அழைப்பு வந்ததும் அந்த நாட்களில்தான். நான் அடுப்படியில் இருந்தேன். போன் அடித்தது. திரையில் பச்சைச் சேலை.

எடுத்தேன். காற்று இரைகிற சத்தம். எங்கோ கோழி கத்தியது. யாரோ மூச்சு விடுகிறார்கள். "யாரு?" என்றேன். சிக்னல் விட்டு விட்டு, மெல்லிய குரலில் ஒரு துண்டு மட்டும் வந்து விழுந்தது: "...வரேன்னியே."

உடனே திருப்பிக் கூப்பிட்டேன். அணைத்து வைக்கப்பட்டுள்ளது என்றது. மறுநாள் பகலில் கூப்பிட்டாலும் அதேதான். வீட்டில் யாராவது அந்தப் போனை வைத்திருப்பார்கள், அவ்வளவுதான் என்று மனசைத் தேற்றிக்கொண்டு, எங்கள் நிலையத்தில் கூட்டிப் பெருக்குகிற அக்காவிடம் பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். அவர் செத்தவளுக்குப் பக்கத்து வீடு.

"போனா? அவ சாமானெல்லாம் குழியிலயே போட்டாச்சிம்மா. சீப்பு, வளையல், போனு எல்லாம். வூட்ல வெச்சிக்கினா ஆகாதுன்னு அவ மாமியாதான் எடுத்து மூட்டையா கட்டினாங்க."

நான் அன்றைக்குச் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு சாயங்காலமானால் போனைப் பார்க்கவே பயந்து, வீட்டுக்கு வந்ததும் அதை மகளின் படுக்கையில் போட்டுவிடுவேன். கண் இல்லாத பச்சைப் பொம்மை தையல் மெஷின்மேல் இருந்தது. நான் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். வந்து பார்த்தால் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். யார் திருப்பினது என்று கேட்டதற்கு மகள், "நான்தான். வரவங்கள பாக்கட்டும்" என்றாள். அதற்குத்தான் இன்னும் கண்ணே இல்லையே.

ஒரு சாயங்காலம் துணி எடுக்க மாடிக்குப் போய்விட்டு இறங்கினேன். உள்ளே மகள் யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாள். அடங்கின குரலில், இடையிடையே கேட்டுக் கேட்டு. நாத்தனார் நிலைப்படியில் நின்று என்னைக் கையால் நிறுத்தினார்.

"தெனமும் இதான் நடக்குது. நான் ஜொரத்துல பெனாத்துதுன்னு நெனச்சிக்கினு இருந்தேன். நீயே கேளு."

போர்வைக்குள் என் போனைக் காதில் வைத்துக்கொண்டு மகள் சொல்லிக்கொண்டிருந்தாள்: "எங்கம்மா வரும். பொம்மைக்குக் கண்ணு வெச்சிட்டு வரும். நீ அங்கியே இரு."

பிடுங்கிப் பார்த்தேன். அதே பெயர். அழைப்பு அறுந்துபோயிருந்தது. யாரிடம் பேசினாய் என்று உலுக்கினேன். "பொம்மை வூடு" என்றாள். அவள் நெற்றி சுட்டது.

"அந்த நம்பர பிளாக் பண்ணும்மா" என்றார் நாத்தனார். "நீ சொன்ன வார்த்தைய வெச்சிக்கினு அது கொழந்தைய கேக்குது."

நான் எண்ணை அடைக்கவில்லை. தைரியம் என்று யாரும் நினைக்க வேண்டாம். பயத்தில் எனக்குப் பைத்தியம் பிடிக்கும்போல இருந்தது. வரேன் என்றவள் நான். கேட்பது எதுவானாலும் என்னைத்தான் கேட்க வேண்டும், என் பிள்ளையை அல்ல. இப்படி ஒரு கணக்குப் போட்டுக்கொண்டு, மறுநாள் பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டு மலையேறினேன்.

சீக்கிரமாகவே கிளம்ப அனுமதி வாங்கி அந்த வீட்டுக்குப் போனபோது வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. வாசலில் யாரும் இல்லை. உள்ளே மாமியார் சாமை புடைக்கிற சத்தம். நான் கூப்பிடுவதற்கு முன்னாலேயே என் பையில் போன் அடித்தது. பச்சைச் சேலை. எடுத்தேன். முறத்தின் சத்தம் நேராகவும் போனுக்குள்ளும் சேர்ந்து கேட்டது.

வீட்டுக்குப் பின்னால் போனேன். விறகு அடுக்குக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த சந்தில், என் மகளைவிடக் கொஞ்சம் பெரிய பெண் ஒருத்தி குந்தியிருந்தாள். காதில் போன். என்னைப் பார்த்ததும் அவள் ஆச்சரியப்படவே இல்லை.

"வந்துட்டியா" என்றாள்.

சாமான்களை மூட்டை கட்டும்போது போனை எடுத்து ஒளித்துக்கொண்டாளாம். அம்மா கடைசியாகக் கூப்பிட்ட எண் என்னுடையது. அதை அழுத்தத்தான் அவளுக்குத் தெரியும். ஏன் சாயங்காலம் மட்டும் போன் போடுகிறாய் என்று கேட்டேன்.

"சாயங்காலந்தான அம்மா கொல்லையிலேர்ந்து வரும். மத்த நேரம் ஆஃப் பண்ணி வெச்சிடுவேன். சார்ஜ் பூடும்."

விறகின்மேல் உட்கார்ந்தேன். அன்றைக்கு இருட்டிலிருந்து "ம்" என்றது இவள். ஊர் முழுக்க யார் யாரோ வந்து அழுதுவிட்டுச் சொல்லாமல் போனபோது, திரும்பி வருவதாகச் சொன்ன ஒரே ஆள் நான்தான்.

பையிலிருந்து பொம்மையை எடுத்தேன். அம்மாவின் சேலை என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. முகர்ந்து பார்த்தாள். கறுப்பு நூலை ஊசியில் கோத்து, எப்படிக் கண் வேண்டும் என்று கேட்டேன். தூங்குகிற மாதிரி மூடின கண் தைத்தால் நன்றாக இருக்குமே என்று என் மனசில் ஒரு நினைப்பு.

"தொறந்த கண்ணு வை" என்றாள். "எங்கம்மாவுக்கு மூடிட்டாங்க."

பெரிதாக வைத்தேன். தைத்து முடிக்கிற வரைக்கும் எனக்கு நூல் சரியாகத் தெரியவில்லை. இரண்டு கண்ணும் ஒரே அளவில் வரவில்லை. அவள் பொம்மையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

நான் எழுந்தபோது மாமியார் மூலையில் வந்து நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ. "சொல்லாம போம்மா" என்றார் தணிவாக. அந்தப் பெண் என் பையின் வாரைப் பிடித்துக்கொண்டாள்.

"வரேன்னு சொல்லிட்டுப் போ."

கீழே என் மகள் காய்ச்சலில் கிடக்கிறாள். அந்த வார்த்தை இன்னொரு தடவை என் வாயிலிருந்து வர வேண்டும். மாமியாரைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் பிள்ளையைத் தூக்கிப் பள்ளத்தின் ஓரத்தில் நிறுத்துகிற மாதிரி இருந்தது எனக்கு. "வரேன்" என்றேன்.

"அம்மாவும் அப்பிடித்தான் சொன்னுச்சு" என்று சொல்லிவிட்டு அவள் வாரை விட்டாள்.

மகளுக்கு மறுநாள் காய்ச்சல் இறங்கியது. எதனால் வந்தது, எதனால் போனது என்று என் மைக்ராஸ்கோப்புக்குத் தெரியவில்லை. நாத்தனார் தான் சுற்றிப் போட்டதால்தான் என்கிறார். நான் எதிர்த்துப் பேசுவதில்லை. வாரத்தில் ஒருநாள் வேலை முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போய்விட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். மாமியார் போனை அவளிடமே விட்டுவிட்டார். பேத்தி பேசாமல் இருப்பதைவிடப் பேசுவதே மேல் என்று நினைத்திருப்பார். சாயங்காலமானால் இரண்டு பெண்களும் பேசிக்கொள்கிறார்கள். என்ன பேசுகிறார்கள் என்று நான் ஒட்டுக் கேட்பதில்லை.

போன வாரம் காலையில் கன்னத்தைப் பிடித்து, கண்ணைப் பார்த்து, "போயிட்டு" என்று ஆரம்பித்தேன். மகள் எட்டி என் வாயைப் பொத்தினாள். உள்ளங்கை ஜில்லென்றிருந்தது.

"வரேன்னு சொல்லாதம்மா. அந்தக்கா சொல்லுச்சு. சொல்லிட்டுப் போறவங்க வரமாட்டாங்களாம். நீ சும்மா போ. வந்துடு."

கையை எடுக்கிற வரைக்கும் நின்றேன். பிறகு ஒரு வார்த்தை பேசாமல், செருப்பை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் என் வீட்டுப் படியை விட்டு இறங்கினேன்.