மூன்றாம் முறை கேட்ட கேள்வி

சுபானு வருஷம் ஆவணி மாதம் இரண்டாம் வெள்ளிக்கிழமை. வெயில் ஏறும் நேரத்தில், கோவில்பதாகையில் எங்கள் தெருவிலிருந்த ஏழு வீட்டுக் கதவுகளிலும் சர்க்கார் காகிதம் ஒட்டினார்கள். யுத்தகாலம். ஆவடிப் பக்கம் பட்டாளத்துக்கு இடம் வேண்டியிருந்தது. பத்து நாளில் வீட்டைக் காலி செய்ய வேண்டும். கஷ்டம் இருப்பவர்கள் அடுத்த வெள்ளியன்று விசாரணையில் சொல்லலாம். ஆங்கிலத்தில் இருந்த அந்தக் காகிதத்தைத் தெருவாருக்குத் தமிழில் சொன்னவன் நான். முதல் வீடு எங்களுடையது.

உள்ளே என் மனைவி கன்னியம்மா எட்டு மாதக் கர்ப்பத்தோடு படுத்திருந்தாள். ஆனி மாதம் முதலே அவளுக்குப் படுக்கைதான். ஒன்றரை வருஷத்துக்கு முன், விஷு வருஷம் மாசியில், தலைப்பிரசவத்துக்காகப் பூந்தமல்லிக்கு அப்பாலுள்ள தாய்வீட்டுக்கு அவளை மாட்டுவண்டியில் அழைத்துப் போனோம். பாதி வழியில் வலி கண்டது. ஆண் குழந்தை. அழவேயில்லை. இந்தத் தடவை லேடி டாக்டர் முன்னதாகவே சொல்லிவிட்டார்: "வண்டியில் ஏற்றினீர்களானால் இதுவும் தங்காது. பெறுகிற வரையில் இந்த அறையை விட்டு அசைக்காதீர்கள்."

அசைக்காமல் எப்படி வீட்டைக் காலி செய்வது? அந்த ஒரு கேள்விதான் எனக்கு அப்போது இருந்தது.

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். என் பெயர் ஏகாம்பரம். உழுது பிழைக்கும் குடும்பம். கல்லூரி வாசல் மிதித்த முதல் ஆள் நான். அப்போது பட்டணத்துச் சர்வகலாசாலையில் எம்.ஏ.வுக்கு மொழிநூல் படித்துக்கொண்டிருந்தேன். மொழிபெயர்ப்பைப் பற்றி ஆராய்ச்சிக் கட்டுரையும் எழுதவேண்டியிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் ஆவடியில் ரயிலேறிப் பட்டணம். மற்ற நாட்களில், நிலம் எடுக்கும் துரையின் விசாரணைகளில் துபாஷி வேலை. அவர் ஆங்கிலத்தைக் குடியானவனுக்கும், குடியானவன் பேச்சை அவருக்கும் மாற்றிச் சொல்ல வேண்டும். சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்வேன் என்று சத்தியம் செய்து ஏற்ற வேலை. பேசுகிறவன் "நான்" என்றால் துபாஷியும் "நான்" என்றே சொல்ல வேண்டும். நடுவில் தன் பேச்சு கூடாது.

உடம்பு ஓய்ந்து போயிருந்தது, அன்பர்களே. பகலெல்லாம் பிறர் துக்கத்தை "நான்", "என்னுடைய" என்று சொல்லிச் சொல்லி, வீட்டுக்கு வந்தால் எனக்கென்று ஒரு சொல்லும் மிச்சமிருக்காது. புத்தகத்தைத் திறந்தால் எழுத்து நகரும். கன்னியம்மா ஒருநாள் கேட்டே விட்டாள்.

"ஊர்ல கீறவனுக்கெல்லாம் பேசறீங்க. நம்ம ஊட்டுக்கு ஒரு வார்த்த பேச முடியாதா?"

தலைமைக் குமாஸ்தாவிடம் போய், விசாரணையில் முதலில் வருவது என் தகப்பனார் பெயரில் உள்ள வீடு, அன்றைக்கு மட்டும் வேறு துபாஷியை வையுங்கள் என்று கேட்டேன்.

"வேற ஆளுக்கு எங்கய்யா போவேன்? சர்வே நம்பருக்கு அப்பன் இன்னா, புள்ள இன்னா? வந்து நில்லு" என்றார். அவருக்கும் அலுப்பு.

ஆகவே என் தகப்பனாரைத் தயார் செய்வது ஒன்றுதான் வழி. நாங்கள் அவரை நைனா என்போம். வியாழக்கிழமை அவரை உட்கார வைத்துச் சொன்னேன்.

"நைனா, தொரெ கேப்பாரு, கஷ்டம் கீதான்னு. மொதல்லயே நேரா சொல்லிடு. நீ சொல்றததான் நான் சொல்லுவேன். ஒரு வார்த்த சேக்க மாட்டேன்."

"அங்க என்ன நைனான்னு கூப்புடுவியா?"

"மாட்டேன். அங்க நான் நீயாட்டம் பேசணும். நீ 'நான்'னா நானும் 'நான்'னுதான் சொல்லணும்."

நைனாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "அப்ப உன் பொண்டாட்டிய மருமவளுன்னு சொல்லுவியா? இன்னா படிப்புடா இது!" பிறகு சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார்: "ஒக்காந்துகினு கீற பெரிய மனுசன் மொத தபா கேக்கச்சொல்லோவே புட்டு வைக்கிறதா? நாம இன்னா பிச்சக்காரனுங்களா? அதுவும் மருமவ வயித்த, சபையில?"

இது எங்கள் பக்கத்து வழக்கம். பந்தியில் இன்னும் கொஞ்சம் போடட்டுமா என்றால் முதல் தடவை வேண்டாம் என்போம், இரண்டாம் தடவையும் வேண்டாம் என்போம். மூன்றாம் தடவை கேட்டால் இலையை நீட்டுவோம். பெரியவர் எதிரில் குறை சொல்வதும் அப்படித்தான். முதலில் ஒரு குறையும் இல்லை என்பதுதான் மரியாதை. மெய்யாகவே நம்மேல் அக்கறை உள்ளவன் மறுபடியும் கேட்பான், மறுபடியும் கேட்பான். அப்போது சொல்லலாம். துரைகள் ஒரே தடவைதான் கேட்பார்கள். பதில் காகிதத்தில் ஏறிவிடும். நைனாவிடம் எவ்வளவோ வாதாடினேன். அறுபது வருஷத்து மரியாதை ஒரு சாயங்காலத்தில் போகவில்லை.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஏரிக்கரை எல்லையம்மன் சந்நிதிக்குப் போனேன். தேங்காய்கூட வாங்கிப் போகவில்லை. மனப்பாடமாய் அத்தனை துதிகள் தெரிந்தவனுக்கு அன்றைக்கு ஒரு வரி வரவில்லை. "தாயே, என் வாயில் நல்ல வார்த்தையைக் கொடு. அந்தக் குழந்தையைக் காப்பாற்று" என்று மட்டும் கேட்டேன். அதையும் நின்றபடியே தூங்கிவிடுவேனோ என்ற களைப்போடுதான் கேட்டேன். கண்ணீர் வரவில்லை. நம்பிக்கை இருந்ததா என்று கேட்டால், சத்தியமாகத் தெரியாது.

சாவடியில் விசாரணை. துரை மேஜைக்குப் பின்னால், குமாஸ்தா அவர் பக்கத்தில். நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எதிரில் நின்றார். துரை கேட்டார், நான் தமிழில் சொன்னேன்: வீட்டைக் காலி செய்வதில் உங்களுக்குக் கஷ்டம் ஏதாவது இருக்கிறதா?

"மகராசன் நீங்க கீறச்சொல்லோ எங்களுக்கு இன்னா கஷ்டம் தொரே? ஒரு கொறையும் இல்லீங்க."

நான் பயந்த பதில் அதுவே. இனி அதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியவன் நான். ஒரு கஷ்டமும் இல்லை என்று என் வாயால் சொன்னால், துரை எழுதிக்கொள்வார், ஞாயிற்றுக்கிழமை கன்னியம்மாவை வண்டியில் ஏற்ற வேண்டும். "எனக்கு" என்று தொடங்கினேன். அடுத்த சொல் வரவில்லை. உதடு அசைகிறது, காற்றுத்தான் வருகிறது. வேண்டுமென்றே நிறுத்தினேன் என்று பிற்பாடு சிலர் பேசினார்கள். எல்லையம்மன் அறிய, இல்லை. அந்தத் தைரியம் எனக்குக் கிடையாது. சொல்லிவிடவே முயன்றேன்.

"இன்னாய்யா ஆச்சு? பேசு!" என்றார் குமாஸ்தா. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தண்ணீர் கொண்டுவர எதிர்வீட்டுக்கு ஓடினார்.

துரைக்குப் பதில் கிடைக்கவில்லை. சமையற்காரனிடம் கற்ற அரைத் தமிழில் அவரே கேட்டார்: "கஷ்டம் இருக்கா?"

நைனா கைகூப்பினார். "கஷ்டம் இன்னா தொரே, எல்லாம் ஒங்க புண்ணியம்."

அந்தத் தமிழ் துரைக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். என்னிடம் இன்னும் குரல் இல்லை. கிழவருக்குக் காது மந்தம் என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலியை விட்டு எழுந்தார். மேஜையைச் சுற்றிவந்து, நைனாவின் முன்னால் குனிந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டார்.

"பெரியவர். சொல்லு. கஷ்டம் இருக்கா?"

மூன்றாம் முறை. அதுவும் எழுந்து வந்து கேட்டது.

நைனா கூப்பிய கையை இறக்கினார். "கீது தொரே" என்றார். "மருமவ வயித்தோட படுத்துகினு கீறா. போன தபா வண்டியில போயி ஒரு புள்ளய வாரிக் குடுத்துட்டேன். இதயும் குடுக்க எனுக்கு மனசு தாங்கல. பெத்துக்கட்டும். அப்புறம் ஊட்ட எடுத்துக்கினு போ. நான் ஒரு வார்த்த கேக்கல."

அப்போது என் குரல் திரும்பியது. ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன். "என் மருமகள்" என்றேன். "ஒரு குழந்தையைப் பறிகொடுத்துவிட்டேன்" என்றேன். அந்த வாக்கியத்தை அதற்குமுன் நான் எனக்காக ஒருநாளும் சொன்னதில்லை. முடிக்கும்போது முகமெல்லாம் நனைந்திருந்தது.

ஏன் அழுகிறாய் என்று துரை கேட்டார். இவர் என் தகப்பனார் என்றேன். தண்ணீர்ச் செம்போடு வந்த குமாஸ்தா வாசலிலேயே நின்றுவிட்டார்.

துரை நாற்காலிக்குத் திரும்பினார். லேடி டாக்டரிடம் ஆளனுப்பி விசாரித்தார். பிறகு, பிரசவமாகி ஒரு மாதம் வரையில் அந்த வீட்டைத் தொடக்கூடாது என்று எழுதிக் கையெழுத்திட்டார். எங்கள் வழக்கத்தை நான் சொல்லக் கேட்டு, அன்று மற்ற ஆறு வீட்டாரையும் மூன்று மூன்று தடவை கேட்டார். சிலருக்குத் தவணை கிடைத்தது, சிலருக்குக் கிடைக்கவில்லை. சம்பந்தப்பட்டவன் துபாஷியாக இருப்பது முறையல்ல என்று என்னை அடுத்த வாரமே நிறுத்திவிட்டார். அது நியாயம்தான்.

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை மகள் பிறந்தாள். பிறந்தவுடன் அவள் அழுத அழுகை தெருக்கோடி வரையில் கேட்டது. நைனா வாசலில் நின்றுகொண்டு, "அழட்டும், அழட்டும். யாரும் சமாதானம் பண்ணாதீங்க" என்றார். ஐப்பசியில் வீடு போயிற்று. வண்டியில் கன்னியம்மா குழந்தையை மார்போடு அணைத்து உட்கார்ந்திருந்தாள். வீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. "மாட்ட மெதுவா ஓட்டச் சொல்லுங்க. தூங்குது" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

இதை எழுதுவது விய வருஷம் தை மாதம். மண்ணூர்பேட்டையில் வாடகை வீடு. மகளுக்கு மூன்று வயது தாண்டிவிட்டது. படிப்பு ஒரு வருஷம் தாமதமாக முடிந்தது. கட்டுரையை முதலிலிருந்து திருத்தி எழுதினேன். துபாஷி கண்ணாடியைப் போல இருந்தால் போதும் என்று எழுதியிருந்த பக்கங்களை எடுத்துவிட்டேன். இப்போது ஒரு கோர்ட்டில் அதே வேலை. இந்தப் பக்கத்துக் குடியானவர் கூண்டில் ஏறினால், விசாரணை தொடங்குமுன், இவர்களிடம் இன்னும் ஒருமுறை கேட்கவேண்டும் என்று நீதிபதியிடம் விண்ணப்பித்துக்கொள்கிறேன். சிலர் கேட்கிறார்கள். சிலர் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

களைப்பு இன்னும் போகவில்லை, அன்பர்களே. ஆனால் பயம் போய்விட்டது. நல்ல வார்த்தை வேண்டும் என்று கேட்டேன். தாய் என் வாயை அடைத்துக் குழந்தையைக் கொடுத்தாள். உங்களில் யாருக்காவது துதி மறந்து, கண்ணீர் வற்றி, நம்புகிறோமா இல்லையா என்றே தெரியாத நாள் வந்தால், அப்படியே போய் அவள் எதிரில் நில்லுங்கள். நானும் அன்று அப்படித்தான் நின்றேன்.