முகத்தைக் கடைசியில் பார்ப்பவர்

மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, புகைப்படத்தை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்தபடி, அதிலிருக்கும் ஆளை அதட்டிக்கொண்டிருக்கிறார் தார்ப்பாய் அக்கா. "முன்பாரம் ஏத்திட்டு நிக்கிறான் பாரு. மூக்கு தண்ணியில முட்டுது. உனக்கெல்லாம் யாருய்யா படகு குடுத்தது?" திட்டு வாங்குகிறவர் செத்துப்போய் ஐம்பது வருடமாவது இருக்கும். அக்காவுக்கு அதெல்லாம் ஒரு கணக்கே இல்லை.

இடம், கால்வாய்க் காட்சியகத்தின் பின்னறை. சரக்குப் படகுகள் ஓடிய காலத்துப் படங்கள் அறுபத்து மூன்று பெட்டிகளில் இங்கே கிடக்கின்றன. கரையோரம் ஸ்டூடியோ வைத்திருந்த ஒரு மனிதர், போகிற வருகிற படகையெல்லாம் எடுத்துத் தள்ளிவிட்டு, ஒரு வரிகூட எழுதிவைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டார். எந்தப் படகு, எந்த மதகு, என்ன சரக்கு, நிற்பது யார் என்று சீட்டு எழுதி உறைக்குள் போடுவது அக்காவின் வேலை. செவ்வாயும் வெள்ளியும் வருவார். மற்ற நாட்களில் லாரிகளுக்குத் தார்ப்பாய் தைக்கிறார். ஊசியை அழுத்துவதற்கு உள்ளங்கையில் கட்டும் தோல்பட்டையைப் பல நாள் கழற்ற மறந்து அப்படியே வந்து உட்கார்ந்துவிடுவார். வயது அறுபத்தொன்று. பிறந்ததும் நடை பழகியதும் சரக்குப் படகில்தான்.

டீ வந்தால் கிளாஸை அறையின் மறுகோடியில், ஜன்னல் விளிம்பில் வைக்கச் சொல்லுவார். ஒவ்வொரு வாய்க்கும் எழுந்து, அங்கே போய் நின்று குடித்து, கையைத் துடைத்துக்கொண்டு திரும்புவார். ஒரு டீக்கு எட்டு நடை. படத்தில் ஒரு சொட்டு விழுந்துவிடக் கூடாதாம். அந்தப் பக்கமாகவே உட்கார்ந்து குடித்து முடித்துவிட்டு வரலாமே என்று ஒருநாள் கேட்டேன். "அவ்வளவு நேரம் யாரு உக்காருவா?" என்றார்.

படகுகளைப் பற்றி எழுதத்தான் நான் போனேன். மூன்றாம் நாளே படகுகளை விட்டுவிட்டு அக்காவைப் பிடித்துக்கொண்டேன். படம் பார்ப்பதில் அவருக்கென்று ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கயிறு. அப்புறம் பாரம், தார்ப்பாய், தண்ணீர். முகம் கடைசியில்தான். "மூஞ்சிய நம்பாதீங்க தம்பி. நெனச்சுக்கிட்டே பாத்தா யாரு வேணா யாரு மாதிரியும் இருப்பாங்க. முடிச்சு அப்படியில்ல. ஒருத்தர் போடுறது இன்னொருத்தருக்கு வராது."

இந்தக் கண்ணால் காட்சியகத்துக்குக் கொஞ்சம் மானக்கேடும் உண்டு. முன்கூடத்தில் பதினொரு வருடமாக ஆளுயரத்துக்குத் தொங்கிய ஒரு படத்தை, வந்த முதல் நாளே, அது இடம் வலமாகத் திரும்பி அச்சாகியிருக்கிறது என்று சொல்லிவிட்டார். காப்பாளர் நன்கு படித்தவர், பூதக்கண்ணாடியும் வரைபடமுமாக அரை மணி நேரம் மல்லுக்கட்டினார். அக்கா விரலை நீட்டினார். "மூணு ஆம்பள நிக்கிறாங்க. மூணு பேரு சட்டையிலயும் பொத்தான் பொம்பளப் பக்கம் இருக்கு. மூணு பேருமா பொண்டாட்டி சட்டையப் போட்டுக்கிட்டு வேலைக்கு வந்தாங்க?" அன்றைக்கே படம் கீழே இறங்கியது. அன்றிலிருந்து காப்பாளர் அக்கா எழுதும் சீட்டில் ஒரு புள்ளியைக்கூட மாற்றுவதில்லை.

பார்வையாளர்கள் யாராவது எட்டிப் பார்த்து, "எவ்வளவு அமைதியான வாழ்க்கை!" என்று உருகினால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "மழ பேஞ்சா சரக்குக்குப் பாய். எங்களுக்கு ஒண்ணும் கெடையாது. அதுதான் அமைதி" என்பார். 

இவ்வளவு பொறுமையாக, காசு வாங்காமல் வந்து எதற்கு இதைச் செய்கிறார்? அவர் அதை ஒளிப்பதே இல்லை. அவருடைய அம்மா காய்ச்சலில் இறந்தபோது அவருக்கு வயது நான்கு. வீட்டில் ஒரு படம் கிடையாது. அந்த வருடமே அப்பா படகைக் கொடுத்துவிட்டு மதகு வேலைக்குப் போய்விட்டார். அம்மாவின் முகம் அக்காவுக்கு அடியோடு நினைவில்லை. அண்ணனுக்கு அப்போது பதினொன்று. அவருக்குத் தெரியும். படகையெல்லாம் எடுத்துத் தள்ளின ஸ்டூடியோக்காரர் தங்கள் அம்மாவை மட்டும் விட்டிருக்கவா போகிறார் என்பது அக்காவின் நம்பிக்கை. ஆகவே சுக்கான் பிடித்து நிற்கிற பெண் எந்தப் படத்தில் இருந்தாலும் நகல் எடுத்து, வெள்ளிக்கிழமை மாலை அண்ணனிடம் கொண்டுபோய்க் காட்டுவார். அண்ணன் பார்த்துவிட்டு இல்லை என்பார். மூன்று வருடமாக இதே கதை. இதற்கு நடுவில் அண்ணனின் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. "அது முழுசா அணையுறதுக்குள்ள கெடைச்சிடணும் தம்பி" என்பார் அக்கா. அதைச் சொல்லும்போது மட்டும் குரல் இறங்கிவிடும்.

நாற்பத்தோராம் பெட்டியில் அந்தப் படம் வந்தது. தலையில் துணி கட்டிய ஒரு பெண் சுக்கானில் சாய்ந்து வாய்விட்டுச் சிரிக்கிறாள். படகின் அறைக்கூரைமேல் உள்ள இரும்பு வளையத்தில், இடுப்பில் கயிறு கட்டி உட்கார்த்திவைத்த ஒரு கைக்குழந்தை. படகின் எண் மேல் ஈரத்துணி காய்கிறது; எண் தெரியவில்லை. இதைப் பார்த்து நான் முகம் சுளித்ததும் அக்கா திரும்பினார். "எல்லாப் படகுலயும் கட்டித்தான் வெப்பாங்க. கட்டாத புள்ளையத் தண்ணியில போய்த்தான் தேடணும்." வழக்கம்போல நகல் எடுத்துக்கொண்டு போனார்.

அண்ணன் பூதக்கண்ணாடியை வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "இதான் பாப்பா. அம்மாதான்" என்று சொல்லிவிட்டார்.

காட்சியகமே கொண்டாடியது. காப்பாளர் பெரிதாக அச்சிட்டு முன்கூடத்தில் காலியாய்க் கிடந்த ஆணியில் மாட்டி, அடியில் அக்காவின் அம்மா என்று எழுதியும் வைத்தார். அண்ணனுக்கு ஒரு படம் கண்ணாடிச் சட்டம் போட்டுப் போயிற்று. ஆனால் இரண்டு வாரமாக அக்காவுக்கு வைத்த டீ ஜன்னலில் ஆறியது. மூன்றாவது வெள்ளிக்கிழமை பையை எடுத்துக்கொண்டு எழுந்தவர், "நீங்களும் வாங்க தம்பி. தனியாப் போனா எனக்கு வாய் வராது" என்றார்.

வழியில் சொன்னார். படத்தில் தார்ப்பாய் கட்டியிருக்கும் கயிற்றின் மிச்ச நுனிகள் எல்லாம் கீழே தொங்குகின்றன. அக்காவுக்கு ஏழெட்டு வயதில், மதகில் வந்து நிற்கும் படகுகளில் பாய் கட்டக் கற்றுக்கொடுத்த அப்பா, நுனி தொங்கினால் போதும், அத்தனையையும் அவிழ்த்துப் போட்டுவிடுவாராம். உங்கம்மா ஒரு நுனியைத் தொங்கவிட்டு நான் பார்த்ததில்லை, மடக்கி உள்ளே செருகு என்பாராம். "அண்ணன் ஆமான்னதும் நான் படத்தையே பாக்கல. அண்ணன் மூஞ்சியத்தான் பாத்துட்டு இருந்தேன். மறுநாத்தான் கயிறு கண்ணுல பட்டுச்சு." மூன்று வருடமாகப் பழகிய வரிசை அன்று ஒருநாள் தவறியிருக்கிறது. எனக்கு அவர்மேல் கோபம்கூட வந்தது. அண்ணன் நிம்மதியாக இருக்கிறார், படமும் நன்றாக இருக்கிறது, கயிற்று நுனியைப் பிடித்துக்கொண்டு இதை ஏன் கிளற வேண்டும்?

அண்ணன், தன் மகள் வீட்டின் பின்னறையில் இருக்கிறார். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் படம். யார் உதவியும் வேண்டாமென்று தானே தடவித் தடவி ஆணி அடித்தாராம். சுற்றிலும் சுத்தியல் பட்ட காயம் நாலைந்து.

அக்கா உட்காரவில்லை. "அண்ணே, இது அம்மா இல்ல" என்றார் எடுத்த எடுப்பில்.

அண்ணன் அதிரவில்லை. கொஞ்ச நேரம் வேட்டி நுனியை நீவிக்கொண்டிருந்தார். "தெரியாது பாப்பா" என்றார். "இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். கண்ணு போனது இப்பத்தான். அம்மா மூஞ்சி போய் முப்பது வருஷம் ஆச்சு."

"அப்புறம் மூணு வருஷமா நீ இல்ல இல்லன்னு சொன்னது?"

"அதுவும் தெரியாமத்தான் சொன்னேன். இதப் பாத்தா சிரிச்ச மொகமா இருந்துச்சு. நீ எத்தன நாள் அலைவ? போதும்னு தோணிச்சு, சொல்லிட்டேன்."

அக்கா கட்டில் விளிம்பில் பொத்தென்று உட்கார்ந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். மூன்று வருடம் யாரிடம் கொண்டுவந்து காட்டினோம் என்பது அவர் முகத்தில் ஓடியது. 

"அப்ப இதுவே இருக்கட்டுமே" என்றார் அண்ணன். "நமக்கும் ஒரு அம்மா ஆச்சு. யாருக்கு என்ன நஷ்டம்?"

"இருக்குண்ணே." அக்கா எழுந்து, படத்தில் கூரைமேல் கட்டியிருந்த குழந்தைமேல் விரலை வைத்தார். "இந்தப் புள்ள உசுரோட இருந்தா இன்னிக்கு ஏறக்குறைய என் வயசு இருக்கும். அதுவும் அம்மா படத்தத் தேடிக்கிட்டு ஒருநாள் அங்க வரும். வந்து பாத்தா நம்ம பேரு போட்டிருக்கும். பேசாமத் திரும்பிப் போயிடும். அதோட அம்மாவையும் தொலைச்சிடணுமா?"

அண்ணன் சுவரைப் பிடித்தபடி எழுந்து, சட்டத்தை இரண்டு கையாலும் தூக்கிக் கழற்றினார். சட்டை நுனியால் கண்ணாடியைத் துடைத்துத் தங்கையிடம் கொடுத்தார். "நம்ம படகு நம்பர் எனக்கு மறக்கல. நீ மூஞ்சிய மட்டுந்தான் கேட்ட" என்றார். "ஐநூத்திப் பதினேழு. அது கெடைச்சா, அதுல நிக்கிறவதான் அம்மா. மூஞ்சி எப்படி இருந்தா என்ன."

"அந்த நம்பர் இதுவரைக்கும் வரல. இன்னும் இருபத்திரண்டு பொட்டி இருக்கு" என்றார் அக்கா, மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

அண்ணன் திரும்பிச் சுவரைத் தடவினார். ஆணி கையில் தட்டுப்பட்டதும் அதைப் பிடித்து இப்படியும் அப்படியும் ஆட்டிப் பிடுங்கப் பார்த்தார். அக்கா சட்டத்தை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு, தோல்பட்டை கட்டிய கையால் அண்ணனின் கையை ஆணியிலிருந்து மெல்ல விலக்கிவிட்டார்.

"ஆணி இருக்கட்டும்ணே."