பருவோடு ஏறிய மேடை

மகளின் அறையிலிருந்து, அவள் பருவுக்குப் பூசும் கேலமைன் லோஷன் வாசனை வந்ததும் என் பத்தாம் வகுப்பு ஞாபகம் வந்தது. அப்போது விளாங்குடியில் இருந்தோம். என் முகமெல்லாம் பரு. யாரிடம் பேசினாலும் இடது கை தானாகக் கன்னத்தை மூடிக்கொள்ளும். பேச்சுப் போட்டியன்று மேடையேற மாட்டேன் என்று அழுதேன்.

“இம்புட்டு நாளா எழுதி எழுதிப் பாத்துட்டு இப்ப ஓடப்போறியாடி?” என்று தோழி செல்வி என்னை மேடைக்குத் தள்ளிவிட்டாள்.

ஒரு கையில் மைக், மறு கையில் காகிதம். முகத்தை மூடக் கை மிச்சமில்லை. அப்படியே பேசினேன். கொஞ்ச நேரத்தில் கூட்டம் சிரித்தது. பதறிப்போனேன். நான் சொன்ன வேடிக்கைக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று அப்புறம்தான் புரிந்தது. குரல் தானாக உயர்ந்தது.

மகளிடம் போய் இதையெல்லாம் சொன்னேன். கேட்டுவிட்டு அவள், “அதோட பரு போயிருச்சாம்மா?” என்றாள்.

“அது இன்னும் ரெண்டு வருசம் இருந்துச்சு. என் பேச்சைத்தான் யாராலயும் நிறுத்த முடியல” என்றேன்.