பாதி மாடும் ஒரு ரோசாப்பூவும்

போன கிழமை நான் ஒரு மாட்டைப் பாதியாக வெட்டிவிட்டேன்.

பதறாதீர்கள். கத்தி எடுக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளும் வரவில்லை. போனில் வெட்டினேன் — படத்தை.

மாடு பக்கத்து வீட்டு ஹம்சியாவுடையது. செவலைப் பசு. ஹம்சியாவின் கணவன் இடுப்பு வலியோடு படுத்த படுக்கை. அந்த வீட்டில் அடுப்பு எரிவதே செவலையின் பாலால்தான். அன்றைக்கு விடியப் பார்த்தால் கட்டையில் அறுந்த கயிறு மட்டும் கிடக்கிறது. பிறந்து ஒரு மாதம்கூட ஆகாத கன்று வேலியோரம் நின்று கத்துகிறது. காது கொடுத்துக் கேட்க முடியவில்லை.

ஹம்சியா ஓடி வந்தாள். என்னை அக்கா முறை வைத்து ராத்தா என்பாள். "ராத்தா, உங்கட போன்ல செவலைட படம் இரிக்கில்லையா? ஊர்க் குழுவுல போட்டு உடுங்களேன்!"

ஊர்க் குழு என்றால் எங்கள் வாட்ஸ்அப் குழு. மௌத்து அடக்கச் செய்தி, கரண்ட் கட், தொலைந்த சாவிக்கொத்து, எல்லாம் அதில்தான் வரும். கல்முனையில் இருப்பவர்களும் அதில் இருக்கிறார்கள், கட்டாரில் இருப்பவர்களும் இருக்கிறார்கள். நானும் இருக்கிறேன்... இருப்பது யாருக்கும் தெரியாது. வாயே திறந்ததில்லை. உங்களுக்கு வாராவாரம் எழுதுவது வேறு. உங்கள் முகம் எனக்குத் தெரியாதே!

கன்று பிறந்த அன்று எடுத்த படம் ஒன்று இருந்தது. செவலை நிற்கிறது. அதன் பின்பக்கம் குந்தியிருந்து, வயிற்றில் தலையைச் சாய்த்துக்கொண்டு ஹம்சியா பால் கறக்கிறாள். நல்ல படம்தான். ஆனால் அதில் இரண்டு சிக்கல்.

ஒன்று, படம் பெரிய பாரம். தோஹாவில் இருக்கும் என் மகள் எத்தனை தரம் ஏசியிருப்பாள்! "உம்மா, ஒரு கத்தரிக்காயப் பாக்க என்ட டேட்டா முழுக்கப் போகுது. சின்னதாக்கி அனுப்புங்களேன்!" வீடியோவில் வந்து சின்னதாக்கவும் வெட்டவும் அவளே சொல்லித் தந்தாள். அதிலிருந்து கண்ணில் பட்ட படத்தையெல்லாம் சுருக்கிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாவது சிக்கல் ஹம்சியா. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளின் முகத்தைப் பொதுவில் போடுவது குறைவு. போட்டாலும் முகத்துக்கு மேலே ஒரு ரோசாப்பூ ஸ்டிக்கர் ஒட்டுவோம். கல்யாண வீட்டுப் படங்களைப் பார்த்தால், சோபா சோபாவாக ரோசாப்பூக்கள் சேலை கட்டி உட்கார்ந்திருக்கும்!

மாட்டைத் தேடும் படத்தில் பூ எதற்கு என்று நினைத்தேன். ஹம்சியா இருந்த பக்கத்தை அப்படியே வெட்டினேன். மிச்சத்தைச் சின்னதாக்கினேன். போன் ஏதோ கேட்டது. ஓம் என்று அமத்தினேன். போன் எது கேட்டாலும் நான் ஓம்தான். மறுத்துப் பேசக் கூச்சம்.

குழுவில் போட்டேன். செவலையின் முகம், கழுத்து, முன்னங்கால். பாஸ்போர்ட் படம் மாதிரி இருந்தது.

பதில்கள் வந்தன. "மாஷா அல்லாஹ், வடிவான மாடு." "விக்கவா? என்ன வெல?" ஒரு புண்ணியவான், "கிலோ என்ன போகுது?" என்று கேட்டார். ஹம்சியா போனை முறைத்தாள்.

பகல் லுஹர் தொழுகை முடிந்த கையோடு குழுவில் ஒரு குரல் பதிவு வந்தது. சம்மாந்துறைப் பக்கம் வயல் செய்கிறவராம். "ஒரு செவலப் பசு விடியவே எங்கட வயலுக்க பூந்து வெளாமையத் திண்டிட்டு. புடிச்சிக் கட்டிருக்கன். இதுவா எண்டு தெரியல்ல. மொகத்த வெச்சி மாடு குடுக்க ஏலாது. குறியக் காட்டுங்க."

குறி! இங்கே மாட்டுக்கு அடையாள அட்டை அதன் பின்தொடைதான். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குறி, சூடு போட்டிருப்பார்கள். அந்தப் பின்தொடை எங்கே? ஹம்சியாவோடு சேர்த்து நான் வெட்டி எறிந்த பாதியில்!

ஹம்சியா என் போனைப் பறித்து, தானே பேசி அனுப்பினாள். "வளைஞ்ச கத்தி, கீழ ஒரு புள்ளி. அதான் எங்கட குறி!"

"தங்கச்சி, வாயால சொல்ல எல்லாருக்கும் ஏலும். இண்டைக்குக் காலைல ரெண்டு பேர் வந்து குறியப் பாத்திட்டு, எங்கட மாடுதான் எண்டு போயிருக்காங்க. பின்னேரம் அசர் தொழுகைக்குப் பொறகு கொண்டுபோக வாறாங்களாம். படம் இருந்தா அதுக்கு முன்னுக்குக் காட்டுங்க."

போனைக் கிண்டினேன். முழுப் படம் இல்லை. பழையதின் மேலேயே சேமிக்கவா என்றுதான் போன் கேட்டிருக்கிறது. நான்தான் ஓம் என்றேனே!

"ராத்தா... மத்தப் பாதி எங்க?"

போனைத் திரும்பவும் கிண்டினேன். கன்று வேறு கத்துகிறது.

அப்போதுதான் நினைவு வந்தது. அன்றைக்கே அந்தப் படத்தை முழுப் பாரத்தோடு மகளுக்கு அனுப்பியிருந்தேன். ஏச்சும் வாங்கியிருந்தேன். தோஹாவுக்கு அடித்தேன்.

"மகள், அந்த மாட்டுப் படத்த அழிச்சிட்டியா?"

"எந்த மாடு? பொறுங்க... இரிக்கி உம்மா. உங்கட படம் ஒண்டையும் நான் அழிக்கிறல்ல. கத்தரிக்காயும் இரிக்கி."

ஏசுகிறவள் ஒன்றையும் அழிக்கவில்லை. அழ நேரமில்லை.

படம் வந்தது. குறி பளிச்சென்று தெரிகிறது. அதற்குப் பக்கத்திலேயே, அதே பளிச்சோடு, ஹம்சியாவின் முகம்! இந்தத் தரம் வெட்டப் பயமாக இருந்தது. ரோசாவை எடுத்தேன். பூவைப் பெரிதாக்கினால் குறி மறைகிறது. சின்னதாக்கினால் ஹம்சியா தெரிகிறாள். குழுவில் போடாமல் அந்த மனிசருக்குத் தனியாக அனுப்பலாமா? ஊரே பார்ப்பது ஒரு பக்கம்... முன்பின் தெரியாத ஓர் ஆம்பிளைக்கு இன்னொருத்தியின் படத்தைத் தனியாக அனுப்புவதா? எது மோசம்? நீங்களே சொல்லுங்கள்.

நான் பூவை இழுத்துச் சுருக்கிக்கொண்டே இருந்தேன். ஹம்சியாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"அல்லாவே! கண்டுக்குட்டி அங்க கத்திச் சாகுது, நீங்க இங்க பூக்கட்டுறீங்க! மூக்கையும் வாயையும் மூடுங்க, போதும்."

"கண்ணு தெரியுதேகா..."

"நிகாப் போட்டாலும் கண்ணு தெரியுந்தானே! போடுங்க ராத்தா!"

எங்கள் ஊரில் இதைவிட நல்ல தீர்ப்பு யார் சொல்வார்? போட்டேன்.

முதல் பதில் மாளிகைக்காட்டில் இருந்து ஒரு மாமி. "இது நம்மட ஹம்சியாதானே! எப்புடிகா இரிக்காய்?" அவ்வளவுதான் ரோசாவின் காவல்.

இரண்டாவது பதில் வயல்காரர். "சரி. இந்த மாடுதான். வந்து கொண்டு போங்க."

அசருக்கு முன்பே, ஹம்சியா பிடித்துப் போன சின்ன லொறியில் செவலை வந்து இறங்கியது. கன்று முகத்தையும் பார்க்கவில்லை, குறியையும் பார்க்கவில்லை. நேரே மடிக்குப் போய் முட்டியது. ஹம்சியா பால் சட்டியை எடுக்கவே இல்லை. "இண்டைக்கு அது குடிக்கட்டும்" என்று நின்றாள்.

எனக்கு ஒன்று விளங்கியது. படத்தில் நமக்கு வேண்டாததைத்தான் வெட்டுகிறோம். வேறு யாருக்கு வேண்டும் என்று போன் கேட்பதில்லை. அப்படியே கேட்டிருந்தாலும்... நான் ஓம் என்றுதான் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் காலை ஹம்சியா வேலிப் பக்கம் வந்து நின்றாள். எதையோ கேட்க வந்து கேட்காமல் நிற்கிற மாதிரி. அவளுக்குக்கூடக் கூச்சம் வருமா?

"ராத்தா... அந்தப் படத்த எனக்கும் அனுப்புறீங்களா? என்ட படம் எண்டு என்னட்ட ஒண்டுமில்ல."

"ஓம். சின்னதாக்கி அனுப்புறன்."

"சின்னதாக்கவும் வேணாம், ஒண்டும் வேணாம். பூவையும் எடுங்க."

அனுப்பினேன். முழுப் பாரத்தோடு.