இரண்டு கேமரா, இரண்டு நேரம்

மூன்று வருடத்துக்கு முன்னால், வைகாசி மாதம், ஒரு திங்கட்கிழமை காலை. திருக்கழுக்குன்றத்தில் ஒரு கல்யாண மண்டபம். நான் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பவன். முந்தின நாள் மாமல்லபுரம் கடற்கரை ஓட்டல் ஒன்றில் வேறொரு ரிசப்ஷன். அதை முடித்துவிட்டு, உப்புக் காற்றில் பிசுபிசுத்த சட்டையோடு நேராக இங்கே வந்திருந்தேன். தொடர்ந்து நாலாவது நாள் வேலை. முதுகு என்னுடையதா என்றே தெரியவில்லை.

என்னிடம் இரண்டு கேமரா. வலது தோளில் புதுசு, தூரத்து முகத்தைக் கிட்டே காட்டும் லென்ஸோடு. இடது தோளில் பழசு, மேடை முழுவதையும் அடக்கும் லென்ஸோடு. ஒரே கேமராவில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தால், நான் நிமிர்வதற்குள் தாலி கட்டிவிட்டுப் பந்திக்கே போய்விடுவார்கள். பழசுக்கு மட்டும் ஒரு வியாதி. ஒவ்வொரு முறை பேட்டரி மாற்றும்போதும் தேதியையும் நேரத்தையும் மறந்துவிட்டு என்னைக் கேட்கும். அன்றும் கேட்டது. சனியனே என்று திட்டிக்கொண்டு, கைக்கு வந்த ஒரு நேரத்தைத் தட்டிவிட்டு மேடைக்கு ஓடினேன். படத்துக்கு வெளிச்சம் சரியாக இருந்தால் போதாதா?

தாலி கட்டும் படம் பழசில் அருமையாக விழுந்தது. படங்களை அனுப்பினேன், ஆல்பம் கொடுத்தேன், மறந்தும் போனேன்.

எட்டு மாதம் கழித்து அந்தக் கல்யாணப்பெண் போன் செய்தாள்.

"அண்ணா, தாலி கட்ற போட்டோவுல டைம் ஏழு நாப்பத்தொண்ணுன்னு கீது. நெசமாண்ணா?"

மெல்ல மெல்லத்தான் சொன்னாள். உண்டாகி மூன்றாம் மாதத்தில் கரு கலைந்துவிட்டதாம். அந்தத் துக்கத்தில் மாமியார் போனில் கல்யாணப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, தாலிப் படத்துக்குக் கீழே நேரம் தெரிந்திருக்கிறது. முகூர்த்தம் ஏழரையோடு முடிகிறது. திங்கட்கிழமை ஏழரைக்கு மேல் ராகு காலம். அன்று மேக்கப் முடிந்து மேடைக்கு வர இவளுக்குத் தாமதமாகிவிட்டது. உன்னால்தான் நேரம் தப்பியது, அதனால்தான் பிள்ளை தங்கவில்லை என்று மாமியார் ஆரம்பித்த பேச்சு, ஓயவே இல்லையாம். "பொறந்த வூட்டுக்கே பூடலாம்னு கீதுண்ணா" என்றாள்.

அட பாவி, ஒரு பத்து வினாடி சோம்பல்! மறுநாள் காலையில் இரண்டு கேமராவையும் லேப்டாப்பையும் எடுத்துக்கொண்டு செங்கல்பட்டில் இருந்த அவர்கள் வீட்டுக்குப் போனேன். நேரத்தைக் குத்துமதிப்பாக வைத்தது நான்தான், தப்பு என்னுடையது என்று மாமியாரிடம் ஒப்புக்கொண்டேன். கேமராக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விளக்கினேன். தாலி கட்டிய அதே நிமிடத்தில் புதுசில் எடுத்த படத்தில் நேரம் ஏழு பன்னிரண்டு.

அந்த அம்மா இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். அழுது அழுது அவர் கண்ணும் வீங்கித்தான் இருந்தது.

"இன்னா தம்பி, ரெண்டு கேமரா, ரெண்டு டைமு. இதுல எது நெசம்னு நான் எப்படி நம்பறது? மருமவளுக்காகப் பேச வந்துகிறியா?"

நியாயமான கேள்வி. சோர்ந்துபோய்ப் புதுசில் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினேன். முடிச்சு விழுந்ததுமே அந்தக் கேமராவைத் தூக்கி, மாமனார் அட்சதை போடுவதை எடுத்திருந்தேன். உயர்ந்த கையில் வாட்ச். பெரிதாக்கினேன். முட்கள் ஏழு பன்னிரண்டைக் காட்டின.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமனார் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "என் வாச்சுதான். ஒரு நிமிஷம் தப்பாது" என்றார். அவ்வளவுதான். அந்த அம்மா மருமகளின் கையைப் பிடித்து, "தெரியாம பேசிட்டேம்மா" என்று விம்மினார்.

அப்பாடா, மூச்சு வந்தது எனக்கு. கிளம்பினேன். வழியனுப்ப அந்தப் பெண் கேட் வரை வந்தாள். நன்றி சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன். கேட்டைப் பிடித்தபடியே கேட்டாள்.

"நல்ல நேரத்துலதான் கட்னாங்க இல்ல? அப்பறம் ஏண்ணா எம்புள்ள தங்கல?"

வண்டியைக் கிளப்பினேன். வழியெல்லாம் கேமரா பை தோளை அழுத்தியது.

இப்போதும் ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் முன்னால், எத்தனை அலுப்பிருந்தாலும், இரண்டு கேமராவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நேரத்தைச் சரிசெய்கிறேன். நேரம் ஒன்றாகிவிடுகிறது, அவள் கேட்டதற்குத்தான் இன்னும் பதில் இல்லை.