உன்னோடதா, மாப்பிள்ளையோடதா

தைவானில் இருந்தவரை நானும் என் கணவர் செந்திலும் வீட்டில் மடிக்கணினியைத் திறந்தால் எதிரெதிரேதான் உட்காருவோம். ஒருவர் திரை மற்றவருக்குத் தெரியக் கூடாது. கைபேசிக்கு சிப் வடிவமைக்கும் இரண்டு போட்டி நிறுவனங்களில் ஆளுக்கொன்றில் வேலை. "இன்னிக்கு எப்படிப் போச்சு?" என்று கேட்டால் "போச்சு" என்பதுதான் பதில். கல்யாணத்தின்போது, ஏரியூர்ப் பெண்ணும் மொரப்பூர் மாப்பிள்ளையும் ஒரே துறை என்று அப்பாவுக்கு அவ்வளவு பெருமை. "பேசிக்கறதுக்கு நெறைய இருக்கும்" என்றார்.

ஒருநாள் என் மேலாளர் அம்மையார் மேசைக்கு வந்து "ஷின்கூ லே" என்றார். பாடுபட்டீர்கள் என்று பொருள். வேலை முடிந்து கிளம்பும்போது அங்கே எல்லோரும் சொல்வது. சிரித்துக்கொண்டே நன்றி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு ஆங்கிலத்தில் விளக்கினார். இரண்டு வருடமாக நாங்கள் உழைத்த சிப்பை வாங்குவதாக இருந்த கைபேசி நிறுவனம் போட்டியாளரிடம் போய்விட்டது. எங்கள் குழுவைக் கலைக்கிறார்கள். போட்டியாளர் என்றால், செந்திலின் நிறுவனம்.

மாலையில் கேட்டேன். "உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"ரெண்டு மாசமாத் தெரியும். சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். நீயும்தான போட்டிருக்க."

போட்டிருக்கிறேன். அவர் இடத்தில் நானும் சொல்லியிருக்க மாட்டேன். அதனால் சண்டை போடக்கூட முடியவில்லை. அந்த இரண்டு மாதமும் தினம் அவரே பாத்திரம் கழுவியது மட்டும் நினைவுக்கு வந்தது.

அந்த வாரமே அப்பா தருமபுரியில் ஒரு கடையிலிருந்து அழைத்தார். "ரெண்டு போன் காட்றாங்க கண்ணு. ஒண்ணுல உன் கம்பெனி சிப்பாம், ஒண்ணுல மாப்பிள்ளையோடதாம். எத வாங்கறது?"

"அவரோடத வாங்குங்கப்பா."

"ஏன், உன்னோடதுக்கு என்ன?"

"சீக்கிரம் சூடாயிடும்பா."

அலுவலகத்துக்கு வெளியே நான் அதைச் சொன்னது அதுவே முதல்முறை. எதிரே இருந்த செந்தில் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பெங்களூரில் வேறொரு சிப் நிறுவனத்தில் நான் சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. செந்தில் தைவானிலேயே இருக்கிறார். நான் ஊருக்கே வந்துவிட்டதாக ஏரியூரில் பேசிக்கொள்கிறார்கள். நேற்று மூவரும் வீடியோவில் பேசினோம். திரையில் மூன்று கட்டங்கள். அப்பாவுக்குப் பின்னால் தென்னை, செந்திலுக்குப் பின்னால் எங்கள் சமையலறை.

"நீ எந்த வூட்ல இருக்க கண்ணு? ஒண்ணுமே தெரியலியே" என்றார் அப்பா.

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தது.