விண்வெளிக் கடிகாரத்தைத் தேடிக் காரிமங்கலம் போனது

பிள்ளைகளே, ஆரோக்கியம், ஸ்டெல்லா! நான் திரும்பி வருவதற்குள் நீங்கள் தூங்கிவிட்டீர்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

காலை ஆறரைக்கு நல்லம்பள்ளியில் பஸ் ஏறினேன். தருமபுரியில் இறங்கி, வெகுநேரம் காத்திருந்து, காரிமங்கலம் பஸ்ஸைப் பிடித்தேன். அங்கே சந்தை நாள். பஸ்ஸில் கோழிக்கூடைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில்தான் நிற்க முடிந்தது. இடுப்பு விட்டுப்போயிற்று.

என் தகரப் பெட்டியில் பட்டாளத்துக்காரர் கட்டிய கடிகாரம் இருக்கிறது, ரயில் ஓட்டியவர் கட்டியதும் இருக்கிறது. விண்வெளியில் ஒருவர் கட்டியிருந்தது ஒன்று கிடைத்தால் போதும் என்று சொல்வேன் அல்லவா? அப்படி ஒன்று காரிமங்கலத்து ரகீம் பாயிடம் இருப்பதாகக் கேள்வி. அவர் தம்பி வெளிநாட்டுக் கப்பலில் சமையல்காரர். விண்வெளியிலிருந்து கடலில் வந்து இறங்கியவர்களை அந்தக் கப்பல்தான் ஏற்றிக்கொண்டதாம். சாப்பாடு பிடித்துப்போய் ஒருவர் கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தாராம்.

பத்து மணிக்குப் பாய் வீட்டைக் கண்டுபிடித்தேன். டீ கொடுத்துவிட்டுக் கடிகாரத்தை நீட்டினார். கறுப்பு முகம். சாவி கொடுத்தால் ஓடியது. உண்மையானதுதானா? பத்திரிகைப் படத்தில் பார்த்திருக்கிறேன், தடித்த உடுப்பின் கைக்கு மேலே கட்டுவதால் அதன் வார் மிக நீளம். இதிலோ வார் குட்டையாக, முனை மடித்துத் தைக்கப்பட்டிருந்தது.

“ரொம்ப நீளமா இருந்துச்சுங்க. வூட்டுல வெட்டிட்டாங்க,” என்றார்.

“மிச்சம் எங்கங்க?”

“அதுல கன்னுக்குட்டி கழுத்துல மணி கட்டிவிட்டோம்ங்க.”

அந்தக் கன்றை இன்று காலைதான் சந்தையில் விற்றிருந்தார். ஆனாலும் எனக்கு நம்பிக்கை போகவில்லை. மாடு கன்று விற்றால் கயிற்றைக் கூடவே அனுப்ப மாட்டோம், அவிழ்த்து வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவோம் இல்லையா? கயிறு வாசலில்தான் தொங்கியது. வாரைக் காணோம். மணியோடு போகட்டும் என்று விட்டுவிட்டாராம்.

உள்ளிருந்து அவர் மனைவி, “கயித்துக்கு மட்டும் சாங்கியம் பாத்தாருங்க அண்ணே,” என்றார்.

“வெட்டுனது யாரு?” என்றார் பாய்.

கன்றைத் தேடி நானும் பாயும் மூன்று மைல் நடந்தது போல அந்தச் சந்தையைச் சுற்றினோம். வெயில் மண்டையைப் பிளந்தது. கன்று கிருஷ்ணகிரி லாரியில் ஏறிப் போய்விட்டதாகத் தரகர் சொன்னார். புளியமரத்தடியில் உட்கார்ந்த நான் வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

பாய் சொன்னார்: “என் தம்பி பொய் சொல்ல மாட்டானுங்க. ஆனா அவங்கிட்ட யாரு என்ன சொன்னாங்கன்னு எனக்குத் தெரியாது. மனசிருந்தா எடுத்துக்குங்க.”

பேசிய விலையில் பாதிக்கு எடுத்துக்கொண்டேன்.

சந்திரனில் மனிதன் இறங்கி நாலு வருஷம் ஆகிறது. அவ்வளவு தூரம் போனவர்கள் திரும்பி வந்து நடமாடுகிறார்கள். காரிமங்கலம் போய்வந்த எனக்குக் காலைத் தூக்கிக் கட்டிலில் வைக்க முடியவில்லை.

கடிகாரம் பெட்டியில் இருக்கிறது. எடுத்துப் பாருங்கள், காதில் வைத்துக் கேளுங்கள். பள்ளிக்கூடத்தில் மட்டும் இது விண்வெளிக்குப் போனது என்று சொல்லிவிடாதீர்கள். டீச்சர் கேட்டால், போயிருக்கும் என்று அப்பா நம்புகிறார், காட்டுவதற்கு வார் இல்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள்.